நிலை இறங்கிப் பதினோரு நாள்

அத்தியாயம் 7

இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து விடுப்புக் கடிதம் வாங்குகிறவள் கெசியா. நிஜக் காய்ச்சலுக்கு எழுதிய கடிதம் எது, மச்சினன் கல்யாணத்துக்கு எழுதிய காய்ச்சல் எது என்று காகிதத்தைப் பிரித்ததுமே சொல்லிவிடுவாள். நிஜக் காய்ச்சல் இரண்டு வரியில் முடிந்துவிடும். பொய்க் காய்ச்சல்தான் ஒரு பக்கம் ஓடும்.

கொத்தனார் பேச்சிராஜ் சொல்லி வந்த காரணங்கள் ஒரு பக்கத்தையும் தாண்டிவிட்டன.

முதல் நாள் கையாள் வரவில்லை. மூன்றாம் நாள் சாரல். ஐந்தாம் நாள் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எட்டாம் நாள் ஒரு கல்யாணம், அதை முன்னே நின்று நடத்துகிறவர் அதே பெரியப்பா. பத்தாம் நாள் சிமெண்டு வரவில்லை.

விக்கிரமசிங்கபுரம் போகிற சாலையில், ஆறு சென்ட் மனையில், பேஸ்மட்டம் எழும்பி மண் நிரப்பியாகிவிட்டது. வேங்கை மரத்தில் ஆசாரி செய்த வாசல் நிலை வந்து இறங்கி இன்றோடு பதினோரு நாள். அதைத் தூக்கி நிறுத்தினால்தான் சுவர் எழும்பும். இன்னும் ஒன்பது நாளில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் அந்த வட்டாரத்தில் எந்தக் கொத்தனாரும் நிலையைத் தொடமாட்டார். அப்புறம் ஆவணியில் தொடங்கினால், கூரைக்குக் கான்கிரீட் போடுகிற நேரத்தில் ஐப்பசி மழை வந்து வாசலில் நிற்கும்.

இத்தனை அவசரமும் ஸ்டெபிக்காக. கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் முழுகாமல் இருக்கிறாள். தைப் பிறப்பை ஒட்டித் தலைப்பிரசவம். கெசியாவும் ஜாபேஸும் அம்பாசமுத்திரத்தில் குடியிருக்கும் வாடகை வீடோ மாடி. செங்குத்தாக இருபத்திரண்டு படி. "படி ஏறி இறங்கணும்னா பிரசவத்தை இங்கயே வச்சுக்கலாமே" என்று சம்பந்தியம்மாள் போனில் இனிமையாகச் சொன்ன நாளிலிருந்து கெசியாவுக்குத் தூக்கம் சரியில்லை. தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்காவிட்டால் தாய் என்று ஒருத்தி எதற்கு?

அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் சட்டம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். வேலை தொடங்கிய பிறகு ஜன்னல் இடம் மாறக்கூடாது. சாமான் ஒரு வாரம் முன்பே வந்து இறங்க வேண்டும். கொத்தனாரிடம் ஒரே வாய்தான் பேச வேண்டும், அது கெசியாவின் வாய். கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே, மையூற்றுப் பேனாவில், அவள் கணவர் ஜாபேஸின் கையெழுத்து.

இன்று காலை அந்தத் தாளுக்கு எதிரே உட்கார்ந்துதான் ஜாபேஸ் இட்லி சாப்பிட்டார். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், சபையின் செயலாளர். ஆராதனை ஐந்து நிமிஷம் தாமதமானால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போதகரின் கண்ணில் படும்படி வைக்கிறவர்.

"பதினோரு நாளாச்சு. நீங்க ஒரு வார்த்த கேக்கவே மாட்டேங்கீங்களே" என்றாள் கெசியா.

"கொத்தனார்ட்ட ஒரு வாய்தான் பேசணும்னு நீதான எழுதி வச்சிருக்க."

"வீட்டுக்காரர்னு ஒரு கோவங்கூடவா வராது?"

"வீடுன்னா கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். பைய நடக்கட்டும்." மூன்றாவது இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

மெதுவாக என்று பொருள்படும் இந்தப் 'பைய' இவர் வாயில் வருமா? கெசியா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலமானால் பாளையங்கோட்டையிலிருந்து இவருடைய தங்கை டார்லின் கூப்பிடுவாள். மணி ஆறு அடித்தால் போன் அடிக்கும். "மதினி, நிலை வச்சாச்சா? நான் லீவு போடணும்லா." இதுவரை பத்து நாளும் இல்லை என்றுதான் கெசியா பதில் சொன்னாள். இன்றைக்கும் அதையே சொல்ல அவளுக்கு மனமில்லை.

மத்தியானத்துக்கு மேல் அரைநாள் விடுப்பு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று இரண்டே சொல்.

முதலில் சிமெண்டு கடை. அசன் முகம்மது அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து, நாற்காலியை மின்விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, சிமெண்டு இல்லாம எங்க வேல நிக்கி. எப்ப அனுப்புவீங்க?"

அவர் முகம் மாறியது. "என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க? முப்பது மூட்டைய வண்டில ஏத்தியாச்சு. ஒங்க கொத்தனார்தான் போன் போட்டு எறக்கச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க."

"'அண்ணாச்சி, இப்ப அனுப்பாதீங்க, ஆறு மாசம் கெடந்தா கட்டி தட்டிப் போவும்'னாரு. என்னவே ஆறு மாசம், எடத்துல வில்லங்கம் ஏதும் உண்டான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லன்னு வச்சிட்டாரு. பெறகு, வீட்டுக்காரங்க விசயத்துல நாம எதுக்குத் தலையிடணும்னு விட்டுட்டேன்."

"ஆறு மாசம்னா சொன்னாரு? நல்லா ஞாபகம் இருக்கா?"

"சிமெண்டுக் கடைக்காரன்ட்ட ஆறு மாசம்னு சொன்னா மறக்குமாம்மா? எங்களுக்கு மூணு மாசமே சாஸ்தி."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கெசியா அதையே போட்டு உருட்டினாள். நாளைக்கு வருகிறேன் என்பவன் ஏமாற்றுகிறவன். அடுத்த வாரம் என்பவன் வேறு வேலை ஒத்துக்கொண்டவன். கணக்காக ஆறு மாசம் என்கிறவனுக்கு உள்ளே ஒரு தேதி இருக்கிறது. கேரளாவில் ஏதோ பெரிய வேலை பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டினாள். கோபத்தைவிட, கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிறைவுதான் அவளுக்குக் கூடுதலாக இருந்தது.

மனையில் யாரும் இல்லை. மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. பேஸ்மட்டத்தின் மேல் நிலை படுத்திருந்தது, நீலத் தார்ப்பாய் சுற்றி, புதுக் கயிறு போட்டு, நான்கு இடத்தில் முடிச்சு. நாளைக்குத் தூக்கப்போகிற நிலையை யாராவது இப்படியா கட்டி வைப்பார்கள்? முடிச்சு ஒவ்வொன்றும் இரட்டை முடிச்சு. கெசியா விரலால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு சுற்றுச்சுவர் வேலையில் இருந்தார் பேச்சிராஜ். அவளைக் கண்டதும் சாந்து பூசுகிற கரணையைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

"கேரளாவுக்கு எப்ப போறீங்க கொத்தனாரே?"

"கேரளாவா? நான் செங்கோட்டையே தாண்டுனதில்லக்கா."

"பின்ன எங்க சிமெண்ட எதுக்கு எறக்கச் சொன்னீங்க?"

"அது வந்துக்கா, பெரியப்பாவுக்கு..."

"பெரியப்பாவ விடுங்க. அவரு ஒரே வாரத்துல ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அலைஞ்சு களைச்சுப் போயிருப்பாரு."

பக்கத்தில் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சிராஜ் கழுவிய கரணையையே மறுபடியும் கழுவினார். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். பொய் மட்டும் அவருக்குக் கைவந்த தொழில் இல்லை. சாரல் சடசடவென்று இறங்கியது. பேச்சை மாற்ற அது வசதியாகிவிட்டது அவருக்கு.

"நனையாதீங்கக்கா, இங்கன ஒதுங்குங்க. பாப்பா எப்படி இருக்கு? வாந்தி நின்னுட்டா?"

கெசியா ஒதுங்கவில்லை. சாரலில் அப்படியே நின்றாள்.

நாலு மாசம் முடியும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது கெசியாவே போட்ட சட்டம். ஸ்டெபியின் புருஷன், மாமியார், பெற்றவர்கள் இரண்டு பேர். இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். நாள்தோறும் போன் செய்கிற டார்லினிடம்கூட கெசியா சொல்லவில்லை.

"எந்தப் பாப்பாவுக்கு வாந்தி?" என்று மெல்லக் கேட்டாள்.

பேச்சிராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். கெசியா எதிர்வீட்டு வாசல் மறைவுக்குப் போய் மகளைக் கூப்பிட்டாள்.

"யார்ட்டயாவது சொன்னியாடி?"

"நான் யார்ட்டம்மா சொல்லப் போறேன்?" என்றாள் ஸ்டெபி. "அப்பாதான் தெனம் மத்தியானம் போன் போடுதாங்க. வாந்தி நின்னுட்டா, வயித்துல வலி இருக்கான்னு ஒரே கேள்வி. வலி இல்லப்பான்னாலும் நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு சொல்லுதாங்க. எதுக்கும்மா அப்பா இப்படிப் பயப்படுதாங்க?"

"தெனமுமா?"

"ஒரு ரெண்டு வாரமா. ஒங்களுக்குத் தெரியாதா?" ஸ்டெபி கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, வீடு முடியலன்னா வருத்தப்படாதீங்க. என் மாமியார் இங்கயே எல்லாம் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாங்க."

வருத்தப்படாதீர்கள் என்றதும் கெசியாவுக்கு வருத்தம் பொத்துக்கொண்டு வந்தது. குரலைச் சரி செய்துகொண்டு, வீடெல்லாம் முடியும், நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு நேரே கொத்தனாரிடம் வந்து நின்றாள்.

"சார்தான சொன்னாங்க?"

பேச்சிராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "சார் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ. ஆனா நீங்களாக் கண்டுபிடிச்சா நான் என்ன செய்ய? நிலை வந்து எறங்குன அன்னைக்குச் சாயங்காலம் தனியா வந்தாவ. 'வே பேச்சிராஜ், வீட்டுல மாசமா ஒரு பிள்ள இருந்தா நீங்கல்லாம் நிலை வைக்க மாட்டீகளாமே'ன்னு கேட்டாவ. எங்க பக்கத்துல அப்படி ஒரு பேச்சு உண்டுதான் சார்னேன். 'எம்மவ மாசமா இருக்கா. பிரசவம் முடியட்டும், தை மாசம் நிலை வைப்போம். எங்க வீட்டுல சொல்லாதேயும்'னாவ."

"இந்த வழக்கத்த நீங்களா முதல்ல சார்ட்ட சொன்னீங்க?"

"நல்லாச் சொன்னீங்க. கடக்கால் போடும்போது ஒரு எலுமிச்சம்பழம் வைக்கட்டான்னு கேட்டதுக்கே, எல்லா நாளும் நல்ல நாளுதான்னு பத்து நிமிசம் பிரசங்கம் வச்சாவ. அதுக்கப்புறம் நான் வாயத் தொறப்பனா? மாசமா இருக்குன்னு எனக்குத் தெரியவுஞ் செய்யாது. ஒங்க வழக்கம் வேறன்னு என் போக்குல தூக்கி வச்சிருப்பேன்." அவர் குரல் தணிந்தது. "தார்ப்பாயக்கூட சார்தான் வாங்கிட்டு வந்து கெட்டுனாவ. கெட்டும்போது கை நடுங்குச்சுக்கா."

கெசியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைச் சர்ச் கோபுரத்தில் ஜாபேஸ் கட்டுகிற அதே இரட்டை முடிச்சு. அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா? அடுத்து கோபம் வந்தது. மகளுக்காக ஓடி ஓடிக் கட்டுகிற வீட்டை மகளையே காரணம் காட்டி நிறுத்தியிருக்கிறார். கை நடுங்கிற்று என்ற சொல் மட்டும் இரண்டிலும் சேராமல் தனியாக நின்றது. சொந்தத் தகப்பனாரின் சவப்பெட்டியை மூடும்போதுகூட நடுங்காத கை அது.

மனைக்குத் திரும்பி வந்து கணவருக்குப் போன் செய்தாள். "மனைல நிக்கேன். நேரே இங்க வாங்க" என்றாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. சாரல் விட்டிருந்தது. கூடவே வந்திருந்த கொத்தனார் எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். ஜாபேஸ் பேஸ்மட்டத்தில் ஏறி, கெசியாவைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"நீங்களா?" என்றாள் கெசியா. "சாமி கும்பிடுதவங்க நல்ல நேரம் பாத்தா அதுக்குப் பிரசங்கம் வைக்கிறவங்க நீங்க. நீங்களா நிலை வைக்கப் பயந்தீங்க?"

"நம்பிக்கை இல்லதான். பயம் என்ன, நம்பிக்கையக் கேட்டுட்டா வருது?"

"அப்ப ஏன்?"

ஜாபேஸ் நிலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சேரன்மாதேவி வீட்டுல பொறவாசல் நிலையக் கரையான் தின்னுட்டுன்னு மாத்துனோமே. ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"எப்ப மாத்துனோம்?"

"ஒனக்கு அப்ப அஞ்சு மாசம். கொத்தனார் வேண்டாம்னு சொன்னான், பிள்ள பெத்து எறங்கட்டும்னான். நான் சிரிச்சேன். செவ்வாக்கிழம நிலைய மாத்துனோம். வெள்ளிக்கிழம..."

ஸ்டெபிக்கு முன்னால் ஒன்று உண்டு. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஐந்தாம் மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை அது இல்லாமல் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. அவர் சபை வேலையில் மூழ்கினார், இவள் பின்னால் பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் கோப்புகளில் மூழ்கினாள். அவரவர் துக்கத்தை அவரவர் சுமப்பதுதான் மரியாதை என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

"இத்தன வருசமா இத நெஞ்சுல வச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"சிரிச்சேனே கெசியா. அந்தக் கொத்தனாரப் பாத்துச் சிரிச்சேன். அதுதான் மறக்க மாட்டேங்கு. மறுபடி ஒரு நிலை, மறுபடி மாசமா ஒரு பிள்ள. கூடாதுன்னு மனசு சொல்லுது. வீடு எப்பன்னாலும் கட்டலாம்."

"ஸ்டெபி பிரசவத்துக்கு இங்க வரமாட்டா, தெரியும்லா?"

"தெரியும். நல்லாயிருந்தாப் போதும். எங்க இருந்தா என்ன?"

அவர் கண் கலங்கியிருந்தது. கெசியாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதரின் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எதிரே டீக்கடை என்பதால் சும்மா இருந்தாள்.

சமாதானம் சொல்லலாம். ஜெபம் பண்ணலாம். போதகரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். எதற்கும் இவர் அசையமாட்டார், அந்த முடிச்சைப் பார்த்தாலே தெரிகிறது. இவரை அசைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது அவளிடம் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக்கே நிலை நிற்கும், தையில் மகள் இந்த வாசல் வழியாக உள்ளே வருவாள். சொன்ன பிறகு இவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அது நிலையினால இல்ல" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழம நான் ஆத்துக்குப் போனேன்."

ஜாபேஸ் நிமிர்ந்தார்.

"போகாதன்னு சொல்லிட்டுத்தான் நீங்க பள்ளிக்கூடம் போனீங்க. நான் கேக்கல. படித்துறையில பாசி. துணி வாளியோட விழுந்தேன். மூணு படி." இருபத்தெட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியங்கள். "ஆஸ்பத்திரியில டாக்டரம்மாட்ட மட்டும் சொன்னேன். விழுந்ததுனாலதான்னு சொல்ல முடியாது, அஞ்சாம் மாசத்துல காரணமே இல்லாமலும் இப்படி ஆவும், மனசப் போட்டு ஒலப்பாதன்னாங்க. நான் நம்பல. என்னாலதான்னு நெனச்சுக்கிட்டேன். ஒங்கள்ட்ட சொல்லப் பயந்தேன். இப்பப் பாத்தா நீங்க ஒங்களாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

சாலையில் ஒரு பஸ் போயிற்று. ஜாபேஸ் தார்ப்பாயில் தேங்கியிருந்த சாரல் தண்ணீரை உள்ளங்கையால் தள்ளிவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். திட்டுகிற குரல் இல்லை அது.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

ஜாபேஸ் எழுந்து டீக்கடையைப் பார்த்துக் கையை அசைத்தார். "வே பேச்சிராஜ், நாளைக்கு ஆளு கூட்டிட்டு வாரும். நிலையத் தூக்கிருவோம்."

பேச்சிராஜ் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். "எத்தன மணிக்கு சார்?"

ஜாபேஸ் கொஞ்சம் யோசித்தார். "ஒமக்கு எந்த நேரம் சரின்னு படுதோ, அந்த நேரத்துக்கு வாரும். ஜெபத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

அடுத்த நிமிஷமே கொத்தனார் சிமெண்டுக் கடைக்குப் போன் செய்தார். முப்பது மூட்டை, விடியுமுன் வண்டி வர வேண்டும். அவர் குரல் சாலையைத் தாண்டி மனைவரைக்கும் கேட்டது.

ஜாபேஸ் குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரத்தில் கயிறு இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பி முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவது கொஞ்சம் சண்டை போட்டது. கெசியா மூன்றாவதில் கை கொடுத்தாள். தார்ப்பாய் விலகி வேங்கை மரத்தின் வாசம் வந்தது. பதினோரு நாளில் முதல்தடவையாக, தையில் இந்த வாசலில் ஒரு குழந்தையின் அழுகை கேட்கும் என்று அவள் மனசார நம்பினாள்.

நான்காவது முடிச்சில் அவர் கை நின்றது.

"கெசியா."

"ம்."

"அஞ்சு மாச வயிறு. துணி வாளி. மூணு படி விழுந்திருக்க. தனியா எந்திரிச்சு வீடு வரைக்கும் வந்திருக்க முடியாது." அவர் தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கு ஒன்னத் தூக்கிவிட்டது யாரு?"

கெசியா அவிழ்த்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். உயிர் போனாலும் சொல்லமாட்டோம் என்று படித்துறையில் ஒருத்தி கையில் ஒருத்தி அடித்துச் செய்த சத்தியம் அது. ஆற்றுக்குப் போகலாம் மதினி என்று அன்றைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனவளுக்கு அப்போது பத்தொன்பது வயசு.

நிலையின் மேல் வைத்திருந்த கெசியாவின் போன் அடித்தது. மணி ஆறு.

அவள் எடுப்பதற்குள் ஜாபேஸின் கண் திரைக்குப் போய்விட்டது. டார்லின் என்று எழுதியிருந்தது. அவர் அந்தப் பெயரைப் பார்த்தார். பிறகு கெசியாவின் முகத்தைப் பார்த்தார். நான்காவது முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, போனைத் தானே கையில் எடுத்தார்.